கிமுரா தக்குயா: எதை நடித்தாலும் ‘கிமுதாக்கு’தானா?

#1 பனங்கிழங்கு

ஜப்பான் நடிகர் கிமுரா தக்குயா (செல்லப்பேரு ‘கிமுதாக்கு’) பத்தி இழையைத் தொடங்குறேன், அடிக்க வராதீங்க.

கால் சுளுக்கி மூணு வாரமா வீட்டோட கிடக்கேன். நண்பன் ஒருத்தன் பழைய ஜப்பான் டிராமாவா ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய போட்டுக் கொடுத்தான். 1996 ‘லாங் வெக்கேஷன்’, 2001 ‘ஹீரோ’, 2003 ‘குட் லக்’ மூணையும் முடிச்சாச்சு. முதல்ல பியானோக்காரன், அடுத்தது அரசு வழக்கறிஞர், மூணாவது துணை விமானி. மூணு பேரும் ஒரே ஆள்! நடிகர் ஒரே ஆள்ங்கறதைச் சொல்லலை, பாத்திரமே ஒரே ஆள். அதே நீள முடி, அதே முணுமுணுப்பு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு மூக்கால ஒரு சிரிப்பு. டவுன் ஜாக்கெட் போட்டா வக்கீல், தொப்பி வச்சா விமானி. அவ்வளவுதான் வித்தியாசம்.

‘அன்அன்’ பத்திரிகை வாசகிகள் 1994-லேர்ந்து 2008 வரைக்கும் 15 வருஷம் விடாம ‘பிடித்த ஆண்’னு இவருக்கே முதலிடம் கொடுத்திருக்காங்களாம். அழகன்தான், மறுக்கலை. ஆனா நடிகரா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 நிஷிகசாய்வாசி

தம்பி, நீங்க இப்பக் கேட்டதை ஜப்பான்காரங்க கால் நூற்றாண்டாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அதுக்குன்னே ஒரு சொலவடை உண்டு: “நானி ஓ யத்தேமோ கிமுதாக்கு.” என்ன வேஷம் போட்டாலும் கிமுதாக்குதான். என் ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம அவர் டிராமா ஒண்ணும் ஓடி முடிஞ்சதில்லை. சொன்னவரே அடுத்த வாரமும் பார்த்திருப்பார், அது வேற கதை. ஹோரின்னு ஒரு பலகுரல் கலைஞர் இருக்கார். “ச்சோ, மாத்தே யோ” (‘ஏ, கொஞ்சம் இரேன்’) என்று கிமுரா பாணியில இழுத்துச் சொல்வார். ஸ்கூல் பசங்க வரைக்கும் அதுதான் கிமுரா.

ஆனா ஒரு தேதியை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு உங்க கேள்வியைத் திரும்பக் கேளுங்க. 1996 ஏப்ரல் 15, திங்கட்கிழமை.

அன்னிக்கு இரவு 9 மணிக்கு ஃபுஜி டிவியில ‘லாங் வெக்கேஷன்’ முதல் எபிசோட். அது முடிஞ்ச கையோட 10 மணிக்கு, அதே சேனல்ல, அவரோட பாட்டுக் குழு ஸ்மாப் நடத்தின ‘ஸ்மாப்×ஸ்மாப்’ முதல் நிகழ்ச்சி. ரெண்டும் ஒரே நாள் ஆரம்பம். ஒன்பது மணிக்கு வேலை கிடைக்காத கூச்ச சுபாவப் பியானோக்காரன். பத்து மணிக்கு அதே ஆள் சமையல்காரர் உடுப்புல வாணலியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், குழுவோட ஆடிப் பாடுறார், கோமாளி வேஷம் போடுறார். வாரா வாரம் இப்படி. அந்த நிகழ்ச்சி 2016 டிசம்பர் 26 வரைக்கும், இருபது வருஷத்துக்கு மேல ஓடிச்சு. சொந்த முகத்தோட வாரம் ஒரு மணி நேரம் நடு வீட்டுல உட்கார்ந்திருக்கிற ஆளை, வேற எந்தப் பேரு வச்சுக் கூப்பிட்டாலும் யாரு நம்புவாங்க?

#3 மழைக்குருவி

பனங்கிழங்கு அவர்களே, நீங்கள் பார்த்த மூன்றும் ஒரே தட்டில் வைத்த மூன்று இட்லி. பிறகு ‘இவர்கள் வீட்டில் இட்லி மட்டும்தான்’ என்கிறீர்கள்.

1998-இன் ‘நெமுரேரு மோரி’ பாருங்கள். நக்கயாமா மிஹோவுடன் நடித்த மர்மத் தொடர். சிரிப்பே இல்லாத கிமுரா. 2002-இல் ‘சோரா கரா ஃபுரு இச்சியோக்கு நோ ஹோஷி’. பெண்களைப் பொம்மைபோலக் கையாளும் குளிர்ந்த மனசுக்காரன். எதிரே நகைச்சுவைக் கலைஞர் அகாஷியா சன்மா, துப்பறியும் போலீஸ்காரராக. அந்தத் தொடரின் முடிவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே சொல்லமாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

2006-இல் யமாதா யோஜி இயக்கிய சாமுராய் படம் ‘புஷி நோ இச்சிபுன்’. பிரபுவின் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று முன்கூட்டித் தின்று பார்க்கும் சின்ன உத்தியோகம். ஒருநாள் நச்சுள்ள சிப்பியைச் சாப்பிட்டுக் கண் போய்விடுகிறது. கண் திறந்தே இருக்கும், பார்வை மட்டும் எங்கேயும் நிற்காது. அதில் எங்கே ஐயா மூக்குச் சிரிப்பு? அந்தப் படத்துக்கு ஜப்பான் அகாடமி விருதின் சிறந்த நடிகர் பட்டியலில் பெயர் வந்து, அதையும் வேண்டாம் என்று விலக்கிக்கொண்டார்கள். தங்கள் கலைஞர்களைப் போட்டியில் நிறுத்துவதில்லை என்பது அவரை நிர்வகித்த ஜானீஸ் ஏஜென்சியின் வழக்கம். ‘விருது எங்கே’ என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்.

#4 பனங்கிழங்கு

இட்லி உவமைக்கு மட்டும் ஒரு மார்க். 2002 தொடர் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கு, பார்க்குறேன்.

ஆனா நிஷிகசாய் அண்ணே, ஒரு சந்தேகம். பாட்டுக் குழுவுல இருக்கிறவரை ஏன் டிராமாவுக்கு இழுத்தாங்க? அங்க நடிகர்களுக்குப் பஞ்சமா?

#5 குவார்ட்டர்நோட்

இது என் ஏரியா.

பஞ்சம் நடிகர்களுக்கு இல்ல, பாட்டுக்கு. ஸ்மாப் 1988-ல அமைஞ்சது, முதல் சிங்கிள் வந்தது 1991 செப்டம்பர் 9. நடுவுல என்ன நடந்துச்சுன்னா, ஐடல்கள் (கம்பெனி பழக்கி இறக்குற இளம் பாட்டு நட்சத்திரங்கள்) பாடி முகம் காட்டுற பெரிய இசை நிகழ்ச்சிகள் ஒவ்வொண்ணா மூடிட்டாங்க. ‘தி பெஸ்ட் டென்’ 1989-ல முடிஞ்சது, ‘யோரு நோ ஹிட் ஸ்டுடியோ’ 1990-ல. அந்தக் காலத்துக்கே ‘ஐடல்களின் குளிர்காலம்’னு பேர் வச்சிருக்காங்க. ஜானீஸ் கம்பெனிக் குழுன்னா முதல் பாட்டே முதலிடத்துல இறங்கணும்னு எதிர்பார்ப்பு. ஸ்மாப் முதல் பாட்டு ரெண்டாவது இடம். முதலிடம் பிடிக்க 1994 வரைக்கும், 12-வது சிங்கிள் வரைக்கும் காத்திருந்தாங்க.

பாட மேடை இல்லைன்னா என்ன பண்றது? அவங்க மேனேஜர் ஈஜிமா மிச்சி பசங்களைக் காமெடி நிகழ்ச்சி, விளையாட்டு நிகழ்ச்சி, டிராமான்னு எல்லா வாசலுக்கும் அனுப்பினாங்க. அதுவரைக்கும் ஐடல்னா கீழ விழக்கூடாது, மூஞ்சில மாவு பூசிக்கக் கூடாது. இவங்க ரெண்டும் செஞ்சாங்க. இன்னைக்கு ஜப்பான் டிவியில ஐடல் ஒருத்தர் செய்தி வாசிக்கிறார், சமைக்கிறார், வினாடி வினா நடத்துறார்னா அந்தப் பாதையை வெட்டினவங்க இவங்க.

குரலைப் பத்தியும் சொல்லிடறேன், மழைக்குருவி சண்டைக்கு வரட்டும். ஐந்து பேரையும் சேர்த்தா ஒரு நல்ல பாடகர் தேறமாட்டார். குழுத் தலைவர் நக்காய் சுருதி சேராம பாடினது அவரே சிரிச்சுச் சொன்ன ஜோக். கிமுரா குரல் கொஞ்சம் கரகரப்பு, சொல்லை வாய்க்குள்ளயே மெல்லுவார். ஆனா 1998-ல ‘யோசோரா நோ முக்கோ’ கேளுங்க. சுகா ஷிகாவோ எழுதின வரிகள். சின்ன வயசுல கனவு கண்ட எதிர்காலத்துல நாம இப்ப நிக்கிறோமான்னு யோசிக்கிற பாட்டு. பயிற்சி பெற்ற குரல் அதைப் பாடியிருந்தா கச்சேரி ஆகியிருக்கும். ராத்திரி பூங்கா பெஞ்சுல ஐந்து பசங்க பேசிக்கிற மாதிரி இருக்கிறதாலதான் அவங்களோட முதல் பத்து லட்சம் பிரதி அது.

#6 மழைக்குருவி

சண்டைக்கு வரவில்லை. ஆமாம், வாய்க்குள் மெல்லுவார். எனக்கு அதுதான் பிடிக்கும்.

1989-இல் 16, 17 வயதில் நினாகவா யுக்கியோவின் இயக்கத்தில் ‘மோதோக்கென்’ (வழிகாட்டி நாய்) என்ற மேடை நாடகம் நடித்தார். எழுதியவர் காரா ஜூரோ. ஐடல் பயிற்சிப் பையனை அந்தச் சூளையில் தூக்கிப் போட்டார்கள். ‘நடிக்கவே தெரியாத பாட்டுக்காரன்’ என்று சொல்பவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன்.

#7 யாழ்தேவி_டொரன்டோ

வணக்கம் பிள்ளையள். கன நாளாய் இந்தப் பக்கம் வரேல்லை.

ஒரு விசயத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. ஐடல் எண்டால் கலியாணம் கட்டக்கூடாது, கட்டினால் கதை முடிஞ்சுது. அதுதான் அந்த நாட்டுச் சட்டம் மாதிரி இருந்தது. இவர் 2000 நவம்பரிலை சைத்தாமா சூப்பர் அரீனாவிலை கச்சேரி முடிச்சுப்போட்டு வந்து, பத்திரிகைக்காரருக்கு முன்னாலை நிண்டு, கலியாணம் செய்யப்போறன், பிள்ளையும் வருகுது எண்டு சொன்னவர். மனுசி குதோ ஷிசுகா, அவவும் பேர்பெற்ற பாடகி. டிசம்பரிலை பதிவு. வயசு 28.

எல்லாரும் ‘சரி, ஆள் முடிஞ்சார்’ எண்டு நினைச்சிருக்க, 2001 ஜனவரியிலை ‘ஹீரோ’ தொடங்கினது. 11 எபிசோட், ஒண்டின்ரை ரேட்டிங்கும் 30 வீதத்துக்குக் கீழை இறங்கேல்லை. சராசரி 34.3. அவற்றை நடிப்பைப் பற்றி என்னவும் சொல்லுங்கோ. ஆனால் ‘கட்டினாலும் பாப்பினம்’ எண்டு காட்டினது இந்த ஆள்தான். பிறகு வந்த எத்தினை பெடியங்களுக்கு அது கதவு திறந்து விட்டிருக்கும்.

#8 எண்கணக்கன்

ரேட்டிங் பேச்சு வந்துவிட்டதால் எனக்குக் கை அரிக்கிறது.

‘பியூட்டிஃபுல் லைஃப்’ (டிபிஎஸ் சேனல், 2000) கடைசி எபிசோட் 41.3%. ‘குட் லக்’ கடைசி 37.6%. ‘லாங் வெக்கேஷன்’ கடைசி 36.7%. இவை எல்லாம் வீடியோ ரிசர்ச் நிறுவனம் கான்தோ வட்டாரத்தில், அதாவது டோக்கியோவும் சுற்றுப்புறமும், எடுத்த கணக்கு. அந்தக் காலத்தில் அங்கே மீட்டர் வைத்திருந்த வீடுகள் 600. ஆக 41.3% என்றால் உண்மையில் 248 வீட்டில் டிவி அந்தச் சேனலில் இருந்தது. அந்த 248 வீட்டை நம்பித்தான் கோடிக்கணக்கான யென் விளம்பரம் கைமாறியது. மாதிரிக் கணக்கெடுப்பு தவறு என்று சொல்லவில்லை, கணக்கு முறைப்படி சரிதான். இருந்தாலும் எண்ணிப் பார்த்தால் ஒரு சிரிப்பு வருகிறது.

சரிவையும் சொல்லவேண்டும் இல்லையா? 2013 கோடையில் டிபிஎஸ் ஞாயிறு 9 மணிக்கு ‘ஹன்சாவா நவோக்கி’ ஓடிக் கடைசி நாள் 42.2% தொட்டது. மூன்றே வாரத்தில் அதே நேரத்தில் கிமுராவின் ‘ஆண்டோ லாய்டு’. சராசரி 12.8 சொச்சம். அதில் அவர் எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ. உணர்ச்சியே இல்லாத இயந்திரமாக நடித்தும் ‘கிமுதாக்கு மாதிரியே இருக்கு’ என்றார்களாம். இதற்கு மேல் அந்த மனிதர் என்னதான் செய்வார்?

#9 பனங்கிழங்கு

எண்கணக்கன் சார், ரோபோ வரிக்குச் சிரிச்சதுல சுளுக்கின கால் கட்டில் சட்டத்துல இடிச்சிடுச்சு. நஷ்ட ஈடு வேணும்.

#10 நிஷிகசாய்வாசி

அவர் தொடர்கள்ல ஒண்ணைக் கவனிச்சீங்களா? பாத்திரத்தோட பேரு யாருக்கும் நினைவு இருக்காது, தொழில் நினைவு இருக்கும். பியானோ, முடிதிருத்துபவர், அரசு வழக்கறிஞர், விமானி, ஐஸ் ஹாக்கி வீரர், கார் பந்தய வீரர், பிரதமர்கூட (2008 ‘சேஞ்ச்’), அறுவை மருத்துவர், மெய்க்காவலர், பிரெஞ்சுச் சமையல் நிபுணர். ஊர்ல உள்ள வேலைவாய்ப்பு அலுவலகமே அவர்தான். ‘பியூட்டிஃபுல் லைஃப்’ ஓடின பிறகு அழகுக்கலைப் பள்ளிகள்ல சேர கூட்டம் கூடிச்சுன்னு இன்னும் பேசுவாங்க. அதுல அவர் ஓட்டின யமஹா டிடபிள்யூ200 பைக்கைத் தேடி இளவட்டம் அலைஞ்சது. ‘ஹீரோ’வுல போட்ட பழுப்பு டவுன் ஜாக்கெட்டும் அப்படித்தான்.

என் கட்சி இதுதான்: அவர் வேற ஆளா மாறுறதுக்கு யாரும் காசு கொடுக்கலை. ‘இந்த வேலையை கிமுதாக்கு செஞ்சா எப்படி இருக்கும்’னு பார்க்கத்தான் கொடுத்தாங்க. கேட்டதை அவர் துல்லியமாச் செஞ்சார். அந்தக் கத்தரிக்கோலை விரல்ல சுத்திப் பிடிக்கிறதைப் பாருங்க, பழகாத கை அப்படிப் பிடிக்காது.

இன்னொண்ணு. ‘லாங் வெக்கேஷன்’ல மூணாவது மாடி ஜன்னல்லேர்ந்து அந்தப் பியானோக்காரன் செனா ஒரு சின்ன ரப்பர் பந்தை, சூப்பர் பால்னு சொல்வாங்க, கீழ தரையில அடிப்பாரே, அது எகிறித் திரும்ப ஜன்னலுக்கு வரும், கையில பிடிப்பார். ஞாபகம் இருக்கா? அந்தக் கட்டடம் சுமிதா ஆத்துக்குப் பக்கத்துல ஷின்ஓஹாஷியில இருந்தது. ஜப்பான் வந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். நிஷிகசாய்ல தோசாய் ரயில் லைன் ஏறி மொன்சென்நக்காச்சோவுல மாறி மொரிஷிதா. கட்டடத்தை இடிச்சாச்சு. ஆறு இருக்கு, பாலம் இருக்கு. ஆத்தோரத்துல என்னை மாதிரியே செல்போன்ல பழைய படத்தை வச்சுக்கிட்டு நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கிட்டு ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும். ஒண்ணும் பேசிக்கலை. அவங்க வெறும் ஆகாயத்தை ஒரு போட்டோ எடுத்தாங்க. நானும் எடுத்தேன்.

#11 மழைக்குருவி

அண்ணா, கண் கலங்க வைத்துவிட்டீர்கள்.

போட்டோ என்றதும் நினைவு வருகிறது. எங்கள் காலத்தில் இணையத்தில் அவர் படமே கிடைக்காது! ஜானீஸ் கம்பெனி படங்களை இணையத்தில் போட விடாது. டிராமாவின் அதிகாரபூர்வ தளத்தில் மற்ற நடிகர்கள் எல்லாம் முகத்தோடு இருப்பார்கள், கதாநாயகன் இடத்தில் ஓவியமோ வெற்றிடமோ இருக்கும். பத்திரிகை அட்டையை இணையக் கடையில் போட்டால் அவர் உருவத்தை மட்டும் சாம்பல் நிறத்தில் வெட்டி எடுத்திருப்பார்கள். ஆளே இல்லாமல் ஆள் வடிவம் மட்டும். அந்தச் சாம்பல் நிழலைப் பார்த்தே ‘இது கிமுரா, தோள் அப்படிச் சாயும்’ என்று கண்டுபிடித்துவிடுவோம். 2018-இல்தான் செய்தித் தளங்களுக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2020-இல் அவரே இன்ஸ்டாகிராம் தொடங்கி நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பதைப் போட்டபோது எனக்கு நம்பவே பிடிக்கவில்லை.

#12 கொடுக்காப்புளி

எல்லாரும் ஆரத்தி எடுக்குறீங்க. 2016-ஐ யாரும் தொடலையே. நாலு பேரும் ஒரு பக்கம் நிக்க, இவர் மட்டும் கம்பெனி பக்கம் போனாரே? அதுக்கப்புறம் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை.

#13 நிஷிகசாய்வாசி

அப்ப நான் இங்கதான் இருந்தேன். நடந்ததைச் சொல்றேன், தீர்ப்பு உங்க இஷ்டம்.

2016 ஜனவரி 13 காலையில பேப்பர்ல ‘ஸ்மாப் பிரிகிறது’. மேனேஜர் ஈஜிமா கம்பெனியை விட்டுப் போறாங்க, நாலு பேர் கூடப் போறதா இருந்தாங்க, கிமுரா இருக்கேன்னு சொல்லிட்டார். செய்தி அப்படித்தான் வந்தது. அஞ்சு நாள் கழிச்சு, 18-ஆம் தேதி திங்கட்கிழமை, ‘ஸ்மாப்×ஸ்மாப்’ல நேரலை. அஞ்சு பேரும் கறுப்பு கோட்டு, டை. பின்னால திரை. பாட்டு இல்ல, விளக்கு இல்ல. வழக்கமாத் தலைவர் நக்காய் நடுவுல நிப்பார். அன்னிக்கு நடுவுல கிமுரா. ஒவ்வொருத்தரா மன்னிப்புக் கேட்டாங்க. ‘ஜானி ஐயாகிட்ட (கம்பெனி நிறுவனர்) மன்னிப்புக் கேட்கக் கிமுரா வழி செஞ்சு கொடுத்தார்’ங்கற மாதிரி அஞ்சு பேர்ல ஒருத்தரான குசநாகி சொன்னார். என்ன தப்புன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லலை. ரேட்டிங் 31.2%ஆம். சாவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருந்தது. மறுநாள் ஆபீஸ்ல யாரும் வழக்கம்போல ‘நானி ஓ யத்தேமோ’ சொல்லலை.

ஆகஸ்ட் 14 நடுராத்திரி கலைப்பு அறிவிப்பு. டிசம்பர் 26 கடைசி நிகழ்ச்சி, ‘செக்காய் நி ஹிதோத்சு தாக்கே நோ ஹானா’ (‘உலகில் ஒரே ஒரு பூ’) பாடிட்டுத் தலை குனிஞ்சாங்க, திரை விழுந்தது. ரசிகர்கள் அந்தப் பாட்டை முப்பது லட்சம் பிரதி தாண்டணும்னு வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாங்கித் தாண்ட வச்சாங்க. 13,000 பேருக்கு மேல காசு போட்டு டிசம்பர் 30 அசாஹி பத்திரிகையில எட்டுப் பக்கம் நன்றி விளம்பரம் கொடுத்தாங்க. எங்க பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பேப்பரை மூணு பிரதி வாங்கிட்டு வந்தாங்க.

துரோகியா? ரெண்டு பிள்ளை, ஒரு குடும்பம், 14, 15 வயசுல சேர்ந்த இடம். போகலைன்னா துரோகி, போயிருந்தா நன்றி கெட்டவர். ரெண்டுல ஏதோ ஒரு பேர் அவருக்கு எழுதி வச்சிருந்தது.

#14 கொடுக்காப்புளி

அழகாச் சொன்னீங்க, ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். 2017 செப்டம்பர்ல இனாகாக்கி, குசநாகி, காதோரி மூணு பேரும் வெளிய போனாங்க. அதுக்கப்புறம் பெரிய சேனல்கள்ல அவங்க முகமே காணோம். 2019 ஜூலையில வணிகப் போட்டி ஆணையமே கம்பெனிக்கு எச்சரிக்கை கொடுக்கிற அளவுக்குப் போச்சு. அந்த நேரமெல்லாம் இவருக்கு வருஷம் ஒரு டிராமா. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

கம்பெனி நிறுவனர் ஜானி கிதாகாவா பசங்ககிட்ட பாலியல் ரீதியா அத்துமீறி நடந்துக்கிட்டது 2023-ல பிபிசி ஆவணப்படத்துக்குப் பிறகு வெளிய வெடிச்சு, செப்டம்பர் 7 அன்னிக்குக் கம்பெனியே ஒத்துக்கிச்சு. அன்னிக்கு இவர் ‘ஷோ மஸ்ட் கோ ஆன்’னு சல்யூட் அடிக்கிற படத்தை இன்ஸ்டாவுல போட்டார். அது ஜானி அடிக்கடி சொன்ன வாக்கியம். திட்டு விழுந்ததும் எடுத்துட்டார். அது ஞாபகம் இருக்கா?

#15 மழைக்குருவி

இருக்கிறது. எனக்கும் அன்று மனசு கெட்டுவிட்டது. முப்பது வருட ரசிகை என்பதற்காக அதை நியாயப்படுத்த மாட்டேன். பாதிக்கப்பட்டவர்கள் பேசிக்கொண்டிருந்த நாளில் போடக்கூடிய படம் இல்லை அது.

#16 மட்டுறுத்துநர்

கம்பெனி விவகாரத்துக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஊகங்கள் வேண்டாம். இங்கே நடிப்பு, பாட்டு. இந்த இழையில் இதுவரை யாரும் யாரையும் திட்டவில்லை, சாதனைதான்.

#17 குவார்ட்டர்நோட்

நல்ல பிள்ளையா திரும்பி வர்றேன்.

குழு கலைஞ்ச பிறகு மூணு வருஷம் அவர் பாட்டே வெளியிடலை. 2020 ஜனவரி 8-ல ‘கோ வித் தி ஃப்ளோ’ன்னு முதல் தனி ஆல்பம், 47 வயசுல. பி’ஸ் குழுவோட இனாபா, மகிஹாரான்னு பெரிய தலைகள் பாட்டு எழுதிக் கொடுத்தாங்க. மகிஹாராதான் 2003-ல அந்த ‘ஒரே ஒரு பூ’ பாட்டை ஸ்மாப்புக்குக் கொடுத்தவர்ங்கறதை வச்சுப் பார்த்தா கேட்கும்போதே ஒரு மாதிரி இருக்கு. அஞ்சு பேர் பாடின இடத்துல ஒருத்தர் மூச்சு வாங்குறது கேட்குது.

#18 பனங்கிழங்கு

ரிப்போர்ட் கார்டு. 2002 தொடர் முடிச்சேன். மழைக்குருவி அக்கா, மன்னிச்சுக்குங்க. அந்தக் கடைசி எபிசோட்... எனக்கும் சாப்பாடு இறங்கலை.

இப்ப ஒருத்தர் 2020 ‘கியோஜோ’ பாருன்னு தனிமடல் போட்டிருக்கார். அது எப்படி?

#19 நிஷிகசாய்வாசி

உடனே பாருங்க. அந்த வருஷம் ஜனவரி 4, 5 ரெண்டு ராத்திரி ஃபுஜியில போட்டாங்க. போலீஸ் பயிற்சிப் பள்ளி. முடி முழுக்க வெளுத்த ஆசிரியர், வலது கண் செயற்கைக் கண். மாணவர்களைச் சேர்க்க இல்ல, வடிகட்டி வெளிய அனுப்ப வந்த ஆள். கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு அசையாம நிப்பார். அவரோட பாதி நடிப்பு கையிலயும் முடியைக் கோதுறதிலயும்தானே இருந்தது? ரெண்டையும் பிடுங்கிட்டாங்க. 47 வயசுல மிச்சத்தை வச்சு நடிச்சார்.

அதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் டிபிஎஸ்ல ‘கிராண்ட் மெசான் டோக்கியோ’ முடிஞ்சது. மிஷ்லின் உணவகத் தரவரிசையில மூணு நட்சத்திரத்துக்கு அலையற சமையல் நிபுணர், அசல் பழைய கிமுதாக்கு. ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. எனக்கு ரெண்டுமே பிடிக்கும், சாப்பாட்டுக் காட்சிக்காகச் சமையல் தொடரைக் கொஞ்சம் கூடுதலா.

#20 யாழ்தேவி_டொரன்டோ

அவற்றை மவுசு குறைஞ்சு போச்சு எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2022 நவம்பரிலை கிஃபு நகரத்திலை நொபுநாகா திருவிழா. இவர் நொபுநாகா எண்ட பழைய காலத்துப் போர்ப் பிரபு வேசத்திலை குதிரையிலை வந்தவர். பாக்கிறதுக்கு 15,000 இடம். விண்ணப்பம் 9,60,000-க்கு மேலை. அண்டைக்கு ஊர்வலத்துக்கு வந்த சனம் 4,60,000 எண்டு நகரசபை சொன்னது. ஊரின்ரை சனத்தொகையே நாலு லட்சம்தான். வயசு அப்ப 49.

குதிரையிலையும் அவர் கிமுதாக்குத்தான், நான் வீடியோ பாத்தனான். ஆனால் நொபுநாகாவைப் பாக்கவோ அவ்வளவு சனம் போனது?

#21 எண்கணக்கன்

9,60,000-க்கு 15,000 என்றால் 64 பேருக்கு ஒருவர். அவருடைய ரேட்டிங் வரலாற்றிலேயே மாதிரிக் கணக்கெடுப்பு இல்லாமல், ஒவ்வொரு தலையாக எண்ணிய ஒரே எண் இதுதான். எனக்கு இது பிடித்திருக்கிறது.

#22 பனங்கிழங்கு

‘கியோஜோ’ முடிச்சாச்சு. கால் கட்டையும் பிரிச்சாச்சு, நாளைக்கு வேலைக்குப் போறேன்.

ஒரு விஷயம். ‘லாங் வெக்கேஷன்’ பார்க்கும்போது அம்மாவும் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே பாதி பார்த்தாங்க. சப்டைட்டில் படிக்க வராது, சும்மா படத்தை மட்டும். நேத்து கியோஜோ ஓடுது, காபி கொண்டு வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. வெள்ளை முடி, ஒத்தைக் கண்ணு, கையைக் கட்டிக்கிட்டு முறைக்கிறார். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுக் கேட்டாங்க: “இவரு யாருடா, அந்தப் பந்து விளையாடுற பையனோட அப்பாவா?”

நான் ஒண்ணும் சொல்லலை. இழையில எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

#23 நிஷிகசாய்வாசி

அம்மாவுக்கு ஒரு ஐடி திறந்து கொடுங்க தம்பி.